பி.ஆர். வந்த பிறகும் ஏன் வேர்ஹவுஸ் வேலை?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போரூரிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். அவருடைய தம்பி சிவில் இன்ஜினியர். 9 வருட அனுபவம், சென்னையில் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு ஸ்ட்ரக்சுரல் டிசைன் செய்கிறார். தம்பி மனைவி பி.எஸ்சி. நர்ஸ். நான்கு வயதுப் பையனோடு மூன்று பேருக்கும் கனடா பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வந்துவிட்டது, டொராண்டோ போகப் போகிறார்கள். "அங்கே போன படித்தவர்கள் எல்லாம் வேர்ஹவுஸில் நிற்கிறார்கள், டாக்சி ஓட்டுகிறார்கள் என்கிறார்களே, நிஜமா? படிப்பையும் அனுபவத்தையும் பார்த்து பாயின்ட் போட்டுத்தானே எடுத்தார்கள்? அப்புறம் ஏன் அதே படிப்புக்கு வேலை கிடைக்கமாட்டேன் என்கிறது?"

"எல்லாம்" என்பது மிகை. ஆனால் புரளி என்று தள்ளிவிடவும் முடியாது. கனடாவின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி, வெளிநாட்டில் பட்டம் வாங்கி அங்கே வேலை பார்ப்பவர்களில் கால்வாசிப் பேருக்கு மேல், பள்ளிப் படிப்பே போதும் என்கிற வேலைகளில் இருந்தார்கள். அந்த ஊரிலேயே படித்தவர்களோடு ஒப்பிட்டால் இது ஏறக்குறைய இரு மடங்கு. நானும் அந்தக் கால்வாசியில் 11 மாதம் இருந்தவன்தான். டொராண்டோ பக்கத்தில் பிராம்ப்டனில் ஒரு வேர்ஹவுஸ், அப்புறம் கான்கிரீட் பாகங்களை முன்கூட்டியே வார்த்துத் தரும் ஒரு பிரீகாஸ்ட் கம்பெனியில் செலவுக் கணக்குப் போடும் எஸ்டிமேட்டர், அப்புறம் டிசைன். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் திரும்பி வந்து இப்போது ஆதம்பாக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அக்கா கேட்டதில் இருக்கும் குழப்பம் இதுதான்: எடுத்தவர்களே வேலையும் தருவார்கள் என்று நினைக்கிறோம். உங்கள் தம்பியைத் தேர்ந்தெடுத்தது ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசு. இன்ஜினியர் என்று போட்டுக்கொள்ள அனுமதி தருவது டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் தொழில்முறை அமைப்பு. சம்பளம் தரப்போவது மிசிசாகாவிலோ மார்க்கமிலோ இருக்கும் ஒரு முதலாளி. இந்த மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதே இல்லை. 2015 ஜனவரியில் வந்த எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறை வயது, படிப்பு, ஐ.ஈ.எல்.டி.எஸ். (ஆங்கிலத் தேர்வு), அனுபவம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடும். அந்த மதிப்பெண்ணை எந்த முதலாளியும் கேட்டு நான் பார்த்ததில்லை. வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் டபிள்யூ.ஈ.எஸ். நிறுவனத்திலிருந்து வாங்கிய பட்ட மதிப்பீடும் அப்படித்தான். உங்கள் பி.ஈ., கனடா இளநிலைப் பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும். "நீ இன்ஜினியர் வேலை பார்க்கலாம்" என்று சொல்லாது. அந்தக் காகிதத்தை லைசென்ஸ் என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறியவர்கள் ஏராளம்.

லைசென்ஸ் விஷயம் நமக்குப் பிடிபடாததற்குக் காரணம் உண்டு. இங்கே பி.ஈ. முடித்த அன்றே நாம் இன்ஜினியர். வீட்டு வாசலில் போர்டு மாட்டிக்கொள்ளலாம். கட்டட வரைபடத்தில் கையெழுத்துப் போட மட்டும் சி.எம்.டி.ஏ.விலோ மாநகராட்சியிலோ பதிவு செய்திருக்க வேண்டும். ஒன்டாரியோவில் அந்தப் பதிவு எல்லாருக்கும். நான் மேலே சொன்ன மாகாணத் தொழில்முறை அமைப்பான பி.ஈ.ஓ.வில் 'பி.இன்ஜ்.' லைசென்ஸ் வாங்காதவர் தன்னை இன்ஜினியர் என்று சொல்லிக்கொள்ளவே கூடாது. அதற்கு 4 வருட அனுபவம் காட்ட வேண்டும், தொழில்முறைச் சட்டமும் ஒழுக்கமும் பற்றிய ஒரு தேர்வு எழுத வேண்டும், கனடாவில் அங்கீகாரம் பெற்ற பட்டம் இல்லையென்றால் தொழில்நுட்பத் தேர்வும் எழுத வேண்டியிருக்கும். முன்பெல்லாம் அந்த 4 வருடத்தில் 12 மாதமாவது கனடாவில் செய்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. லைசென்ஸ் இல்லாமல் நல்ல வேலை கிடைக்காது, கனடாவில் வேலை பார்க்காமல் லைசென்ஸ் கிடைக்காது. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் கதைதான். 2023 மேயில் பி.ஈ.ஓ. அந்த விதியைத் தூக்கிவிட்டது. கனடாவின் இன்ஜினியரிங் அமைப்புகளில் முதலில் அதைச் செய்தது அவர்கள்தான். உங்கள் தம்பி என்னைவிட அந்த வகையில் அதிர்ஷ்டசாலி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லைசென்ஸ் உள்ள ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டால், இல்லாதவரும் அவருக்குக் கீழே டிசைன் வேலை பார்க்கலாம். ஆகவே முதல் நாளே 'ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்' என்று தேடாமல் டிசைனர், எஸ்டிமேட்டர், புராஜெக்ட் கோஆர்டினேட்டர் என்கிற பெயர்களில் தேடச் சொல்லுங்கள். கௌரவம் கொஞ்சம் இடிக்கும். எனக்கும் இடித்தது.

அடுத்தது 'கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ்'. இந்த இரண்டு வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. இது மனித உரிமை மீறலாக முடியும் என்று ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013லேயே கொள்கை அறிக்கை வெளியிட்டுவிட்டது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்கள் பொது வேலை விளம்பரத்திலோ விண்ணப்பப் படிவத்திலோ அதைக் கேட்கக் கூடாது என்று மாகாணச் சட்டமே வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் விளம்பரத்திலிருந்து எடுத்ததைத் தேர்வு செய்பவரின் மனசிலிருந்து எடுக்கச் சட்டத்தால் ஆகாது.

நியாயமாகப் பார்த்தால் அந்தத் தயக்கத்தில் பாதி உண்மையும் இருக்கிறது. உங்கள் தம்பிக்கு நம் நாட்டு விதிகளில் கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 மனப்பாடம், காற்றுக்கு ஐ.எஸ். 875, பூகம்பத்துக்கு ஐ.எஸ். 1893. அங்கே கான்கிரீட்டுக்குக் கனடாவின் தர விதியான சி.எஸ்.ஏ. ஏ23.3, ஸ்டீலுக்கு எஸ்16, எல்லாவற்றுக்கும் மேலே தேசியக் கட்டட விதி. 2016ல் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப்போட்டதைப் பார்த்தவருக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் மொட்டைமாடியில் மாதக்கணக்கில் பனி குவிந்து நிற்கும் பாரத்தை அவர் ஒருநாளும் கணக்கில் எடுத்ததில்லை. டொராண்டோ பக்கம் அஸ்திவாரத்தைச் சுமார் 1.2 மீட்டருக்குக் கீழே கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் மண்ணுக்குள் நீர் உறைந்து அஸ்திவாரத்தையே தூக்கிவிடும். இதைக் கற்றுக்கொள்ள ஒரு நல்ல இன்ஜினியருக்கு மூன்று மாதம் போதும். அந்த மூன்று மாதச் சம்பளத்தை யார் கொடுப்பது என்பதுதான் முதலாளியின் கணக்கு. கற்றுக்கொண்டு வந்தேன் என்று காட்டிவிட்டால் அந்தப் பாதி முடிந்தது.

மற்ற பாதியை அப்படி முடிக்க முடியாது. டொராண்டோ பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் ஃபிலிப் ஒரியோபொலஸ் டொராண்டோ வட்டாரத்தில் வந்த உண்மையான வேலை விளம்பரங்களுக்கு ஆயிரக்கணக்கான கற்பனை ரெஸ்யூமேக்களை அனுப்பிப் பார்த்தார். 2009ல் முடிவு வந்தது. கனடாவிலேயே படித்து, கனடாவிலேயே வேலை பார்த்ததாக எழுதிய ரெஸ்யூமேக்களிலும், ஆங்கிலப் பெயர் இருந்தால் 100க்கு 16 பேருக்கு இன்டர்வியூ அழைப்பு, இந்திய, சீன, பாகிஸ்தானியப் பெயர் இருந்தால் 11 பேருக்கு. அனுபவமும் வெளிநாட்டில் என்றால் எண்ணிக்கை இன்னும் இறங்கியது. இங்கே பனியும் இல்லை, சி.எஸ்.ஏ. விதியும் இல்லை, பெயர் மட்டும்தான். இதற்கு உங்கள் தம்பி செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஆறு மாதம் பதில் வராதபோது "எனக்குத்தான் திறமை இல்லையோ" என்று இடிந்துபோகாமல் இருக்க இது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் இடிந்துபோனேன்.

பெயர் என்றதும், நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'எஸ். கார்த்திக்', டிகிரியில் 'கார்த்திக் எஸ்.', பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து 'கார்த்திக் சுப்பிரமணியன்', இல்லையென்றால் சர்நேம் கட்டமே காலி. பட்ட மதிப்பீட்டில் ஒரு தடவை, பின்னணிச் சரிபார்ப்பில் ஒரு தடவை, வங்கியில் ஒரு தடவை என்று "இவர் வேறு ஆளா" என்கிற கேள்வி வரும். இன்டர்வியூவில் "மிஸ்டர் சுப்பிரமணியன்" என்று கூப்பிடும்போது, அப்பா எப்போது வந்தார் என்று நான் ஒரு நொடி திரும்பிப் பார்த்ததுண்டு. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி அஃபிடவிட் ஒன்று இங்கேயே செய்து வைத்துக்கொள்ளுங்கள். ரெஸ்யூமே, லிங்க்ட்இன், லைசென்ஸ் விண்ணப்பம் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரே பெயர்.

அனுபவக் கடிதம் அடுத்த தலைவலி. நம் ஊர் டிசைன் ஆபீஸ்கள் பலவற்றில் "இவர் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை வேலை பார்த்தார், நன்னடத்தை உள்ளவர்" என்று மூன்று வரியில் ஒரு கடிதம் கொடுப்பார்கள். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் அதுகூடத் தரவில்லை. பாதிச் சம்பளம் கையில் கொடுத்ததால் எழுத்தில் எதுவும் தரப் பயம். அந்த இரண்டு வருடம் என் வாழ்க்கையில் நடந்ததாக எந்தக் காகிதமும் கிடையாது. பி.ஈ.ஓ.வுக்கு அனுபவம் எழுதும்போது எந்த வேலை, நீ எடுத்த முடிவு என்ன, யார் மேற்பார்வை என்று பிரித்துப் பிரித்து எழுத வேண்டும். மேற்பார்வை பார்த்தவர்களே அதை உறுதி செய்ய வேண்டும். தம்பி இன்னும் வேலையில் இருக்கிறார் அல்லவா, இப்போதே சீனியர்களின் சொந்த மின்னஞ்சலையும் போன் நம்பரையும் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஆபீஸ் மின்னஞ்சல் வேண்டாம், அவர்களும் நாளைக்கு வேறு கம்பெனி மாறுவார்கள்.

ரெஸ்யூமே, இன்டர்வியூ பற்றி இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது, அதனால் அதிகம் சொல்லவில்லை. ஒரே ஒரு சம்பவம். ஸ்கார்பரோவில் ஒரு மளிகைக் கடையில் பழக்கமான யாழ்ப்பாணத்துப் பெரியவர், ஒருநாள் என் ரெஸ்யூமேயை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, கலியாணம் கட்டினதெல்லாம் ஏன் இதில எழுதி வச்சிருக்கிறீர்?" அப்பா பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் நம்பர், போட்டோ, கடைசியில் "மேற்கண்டவை யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்" என்று ஊர் பெயரோடு கையெழுத்து. எல்லாம் வைத்திருந்தேன். அவர் அத்தனையையும் அடித்துவிட்டார். பிரீகாஸ்ட் கம்பெனியில் என்னை நுழைத்ததும் அவருடைய மருமகன்தான். நாம் சிபாரிசு என்று சொல்லி முகம் சுளிக்கிறோமே, அதே விஷயத்துக்கு அங்கே நெட்வொர்க்கிங் என்று பெயர், அதற்கு வகுப்பே எடுக்கிறார்கள். போர்ட்டலில் நான் போட்ட முந்நூற்றுச் சொச்சம் விண்ணப்பத்தில் ஒன்றுகூட வேலையாகவில்லை. ஒரு ரெஃபரல் ஆனது.

இன்டர்வியூவில் இரண்டு பழக்கம் காலை வாரும். ஒன்று, "நாங்கள் செய்தோம்" என்று பேசுவது. பணிவு என்று நாம் நினைக்கிறோம், இவர் தனியாக எதுவும் செய்யவில்லை போல என்று அவர்கள் நினைக்கிறார்கள். இரண்டு, எதைக் கேட்டாலும் "ஆகிடும் சார்". முடியாது, இதற்கு இரண்டு வாரம் வேண்டும் என்று சொல்பவரைத்தான் அங்கே நம்புவார்கள். ஐ.ஈ.எல்.டி.எஸ்.ஸில் எட்டு வாங்கியவர்களும் இதில் கோட்டை விட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி தம்பி மனைவி. அக்கா கேள்வியில் அவருக்கு ஒரு வரிதான் கொடுத்திருந்தீர்கள். என் கணக்கில் இந்தக் குடும்பத்தில் வேலை கிடைக்க அதிக வாய்ப்பு உள்ளவர் அவர்தான், வேலையை இழக்க அதிக வாய்ப்பு உள்ளவரும் அவர்தான். நர்ஸுக்குப் பதிவு செய்யும் அமைப்பின் பெயர் காலேஜ் ஆஃப் நர்ஸஸ் ஆஃப் ஒன்டாரியோ. காலேஜ் என்றாலும் படிக்கும் இடம் இல்லை. அவர் படித்த இடம், தமிழ்நாட்டு நர்ஸிங் கவுன்சில், வேலை பார்த்த மருத்துவமனை எல்லாவற்றிலிருந்தும் ஆவணங்கள் கேட்பார்கள். பெரும்பாலானவற்றை அந்தந்த அலுவலகமே நேராக அனுப்ப வேண்டும், கையில் கொண்டுபோனால் செல்லாது. அப்புறம் நர்ஸ் லைசென்ஸுக்கான என்.சி.எல்.இ.எக்ஸ். தேர்வு. அமெரிக்காவில் எழுதும் அதே தேர்வுதான், 2015 முதல் கனடாவிலும் அதுவே. இதெல்லாம் முடியக்கூடியவை. கழுத்தைப் பிடிப்பது வேறொன்று: சமீபத்தில் நர்ஸாக வேலை பார்த்ததற்குச் சான்று வேண்டும்.

வழக்கமாக என்ன நடக்கும் தெரியுமா? பி.ஆர். வந்ததும் "சாமான் கட்டணும், பையனைப் பார்த்துக்கணும்" என்று முதலில் வேலையை விடுவது மனைவி. அங்கே போய் கணவருக்கு முதலில் வேலை அமையட்டும் என்று ஒரு வருடம். பையனுக்குப் பள்ளி பழகட்டும் என்று இன்னொன்று. இரண்டாவது குழந்தை. திரும்பிப் பார்த்தால் நான்கு வருடம், சான்று காலாவதி. 12 வருடம் ஐ.சி.யூ.வில் நின்ற ஒரு நர்ஸ், ஒரு முதியோர் இல்லத்தில் சாப்பாட்டுத் தட்டு எடுப்பதை நான் பார்த்தேன். அந்த வேலையில் கேவலம் ஒன்றும் இல்லை, ஆனால் பக்கத்து அறையில் ஒருவருக்கு மூச்சுத் திணறியபோது அவர் கை வைக்கக் கூடாது. உங்கள் வீட்டில் வரிசையை மாற்றிப் போடுங்கள் என்பேன். அவர் கடைசி வாரம்வரை வேலையில் இருக்கட்டும், விண்ணப்பத்தை இங்கிருந்தே தொடங்கட்டும். அங்கே போனதும் அவர் தேர்வுக்குப் படிக்கட்டும், தம்பி பையனைப் பார்த்துக்கொள்ளட்டும். தம்பிக்கு இது ஒப்பாது என்று தெரியும். அக்கா சொன்னால் கேட்பார்.

வேர்ஹவுஸுக்கு வருகிறேன். நான் போனபோது கையில் நான்கு மாதச் செலவுக்குப் பணம் இருந்தது, மூன்றாவது மாதமே பயம் வந்துவிட்டது. தற்காலிக வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு டெம்ப் ஏஜென்சி மறுநாளே வேலை கொடுத்தது. ராத்திரி ஷிஃப்ட். காலை எட்டு மணிக்கு வந்து படுத்தால், பத்து மணிக்கு ரெக்ரூட்டர் போன் அடிக்கும். தூக்கக் கலக்கத்தில் உளறிக்கொட்டிய அழைப்புகள் இரண்டு நல்ல கம்பெனியிலிருந்து வந்தவை. சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாக இருக்கும், அதனால்தான் அது பொறி. படிக்க நேரம் இருக்காது, உடம்பு கேட்காது, ஆறு மாதம் கழித்து ரெஸ்யூமேயின் முதல் வரியாக வேர்ஹவுஸ் வந்து உட்காரும். அதற்காக அந்த வேலைக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். மூன்று நாள் மட்டும் போகலாம், மதியத்துக்கு மேல் ஷிஃப்ட் எடுக்கலாம், இந்தத் தேதிக்கு மேல் இல்லை என்று சுவரில் எழுதி ஒட்டலாம். நான் தேதி போட்டிருந்தால் ஐந்து மாதத்தில் வெளியே வந்திருப்பேன். அரசு சொல்லும் குறைந்தபட்ச இருப்புத் தொகையை நம்ப வேண்டாம், எட்டு மாதச் செலவுக்காவது வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அது சேரும்வரை பயணத்தைத் தள்ளிப்போட வழி இருந்தால் தள்ளுங்கள், பி.ஆர். ஆவணத்தில் உள்ள கடைசித் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நுங்கம்பாக்கத்திலோ அண்ணா சாலையிலோ கன்சல்டன்சி யாராவது "அங்கே வேலையும் வாங்கித் தருகிறோம், இவ்வளவு லட்சம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். முன்பு கனடா வேலைக் கடிதம் இருந்தால் 50 அல்லது 200 பாயின்ட் கூடும் என்பதால் போலிக் கடித வியாபாரம் கொழித்தது. 2025 மார்ச் 25 முதல் அந்தப் பாயின்ட்டே கிடையாது, ஆனாலும் விற்பவர்கள் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். உங்களுக்கு பி.ஆர். ஏற்கெனவே இருக்கிறது, அது தேவையும் இல்லை.

வேறு நாட்டுக்கு யோசிப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு விஷயம். ஆஸ்திரேலியாவில் இன்ஜினியரிங் பட்டத்தை மதிப்பிடும்போது ஒரு நாட்டின் இன்ஜினியரிங் பட்டத்தை மற்ற நாடுகள் ஏற்க வழிசெய்யும் வாஷிங்டன் ஒப்பந்தம் என்று ஒன்றைப் பார்ப்பார்கள். இந்தியா அதில் முழு உறுப்பினரானது 2014 ஜூனில். அதற்குப் பிறகு இங்கே பாடப்பிரிவுகளுக்கு அங்கீகாரம் தரும் என்.பி.ஏ.வின் 'டயர்-1' அங்கீகாரம் உள்ள பாடப்பிரிவில் முடித்தவர்களுக்குப் பாதை சுலபம். மற்றவர்கள் தாங்கள் செய்த வேலைகளைப் பற்றி மூன்று நீண்ட கட்டுரைகள் எழுதி நிரூபிக்க வேண்டும். டயர்-1 பெரும்பாலும் தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகத் துறைகளுக்கும்தான். கவுன்சலிங்கில் கட்-ஆஃப் பார்க்கும் அப்பா அம்மாக்களில் இதைப் பார்ப்பவர் யாரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. ஜெர்மனி என்றால் தடை வேறு மாதிரி, மொழிதான் கதவு. நர்ஸ்களுக்கு பி2 அளவு (நடுத்தரத்துக்கு மேற்பட்ட தேர்ச்சி) ஜெர்மன் இல்லாமல் கதை நகராது.

சரி, போகலாமா என்றால், போகலாம். தம்பி கிளம்புவதற்குள் சி.எஸ்.ஏ. ஏ23.3 வாங்கி, ஏற்கெனவே இங்கே டிசைன் செய்த ஒரு கட்டடத்தை அந்த விதிப்படி, பனிப் பாரத்தோடு, மறுபடி போட்டுப் பார்க்கட்டும். இன்டர்வியூவில் எடுத்துக் காட்ட அதைவிட நல்ல காகிதம் எனக்குத் தெரியாது. தம்பிக்கு அண்ணா பல்கலைக்கழக டிரான்ஸ்கிரிப்ட், அரியர் விவரத்தோடு, கூடுதலாக மூன்று சீல் வைத்த கவர். அவர் மனைவிக்கு எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில். இரண்டும் கிண்டிதான், ஆனால் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்துக் கிளம்ப வேண்டாம். காலையிலேயே போகச் சொல்லுங்கள், ஜெராக்ஸ் கூடவே எடுத்துக்கொள்ளட்டும்.